ஒரு குவளைத் தண்ணீர்

"கோயிலில் அரசியல் எதற்கு?" 2022 ஜூலை 5 அன்று மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது நானும் இப்படித்தான் முணுமுணுத்தேன். கெபியின் முன்னே எங்கள் அன்பியத்தார் பதினைந்து பேர் மெழுகுதிரி ஏந்தி நின்றனர். அருள்தந்தை ஸ்டேன் சுவாமியின் முதலாம் நினைவு நாள் அது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர் அவர். ஜார்க்கண்டில் பழங்குடியினரின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாய்ச் சிறையில் வாடிய அவர்தம் இளைஞருக்காகவும் உழைத்த இயேசு சபைத் துறவி. 2020 அக்டோபரில், 83ஆம் வயதில் கைதானார்; வழக்கு விசாரணை தொடங்குமுன்னே காவலில் இருந்தபடியே மறைந்தார். இவற்றை நான் செய்தித்தாளில் படித்ததுண்டு. படித்தேன், மடித்து வைத்தேன்.

அன்று ஒரு சிறுமி பிடித்திருந்த அட்டையில் உறிஞ்சுகுழல் செருகிய குவளையின் படம் மட்டுமே இருந்தது. நடுக்குவாதத்தால் குவளையை ஏந்த இயலாத அம்முதியவர், அந்தக் குழலுக்காக நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டியிருந்தது.

என் தந்தையாருக்கும் அதே நோய். நான் தண்ணீர் புகட்டினால் பாதி மார்பில் சிந்தும். ஒருநாள் எரிச்சலில் குவளையை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துபோனேன். அன்று அவர் மறுபடியும் கேட்கவில்லை.

தாகமுற்றவருக்குத் தண்ணீர் தந்தோமா என்பதே இறுதித் தீர்வையின் கேள்வி என்கிறது மத்தேயு நற்செய்தி. அது பக்தியா, அரசியலா என்று அங்கே பிரிக்கப்படவில்லை.

மெழுகுதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு, அச்சிறுமியின் அருகில் போய் நின்றேன்.