அப்பாவின் சவரக்கத்தி

முருங்கன் புகையிரத நிலையத்தில் அப்பா வேலை பார்த்த காலத்தில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சிறு கண்ணாடி தொங்கியது. விடியற்காலையில் அதன் முன் நின்று அவர் முகம் வழிப்பார். மடக்குக் கத்தி. அலகில் ‘சொலிங்கன்’ என்ற ஜேர்மன் நகரத்தின் பெயர் பாதி தேய்ந்திருக்கும். வேப்பமரத்தில் மாட்டிய தோல்வாரில் முதலில் அதைத் தீட்டுவார். கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே இழுபட வேண்டும். மாறினால் வார் அறுபடும், கூரும் கெடும். வழித்து முடிந்ததும் ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பார்.

1986 இல், எனது பதினெட்டாவது வயதில், அக்கத்தியைப் பிடிக்கக் கற்றுத்தந்தார். முதல் வாரம் அலகைத் திறக்கவே விடவில்லை. கன்னத்துச் சவர்க்கார நுரையைக் கரண்டிக் காம்பால் வழிக்கச் செய்தார். இடக்கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும்; கத்தியை முப்பது பாகையளவில் சாய்க்க வேண்டும். “கத்தி கையில இருக்கேக்க வேற நினைப்பு வரப்படாது” என்பார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு நின்றுபோன தலைமன்னார் ரயில், 2015 இல்தான் மறுபடியும் இறங்குதுறை வரை ஓடியது. நாங்கள் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தபோது அப்பா எடுத்துவந்த சிறு மூட்டையில் காணி உறுதியும் கத்தியும் இருந்தன. நான் செய்தியாளனாகி ஊர் ஊராக அலையத் தொடங்கியதும் கத்தியை என்னிடமே தந்துவிட்டார்.

1997 இல் ஒரு சோதனைச்சாவடியில் எனது பையைக் கொட்டினார்கள். சிப்பாய் ஒருவன் கத்தியை விரித்துப் பார்த்து, எதற்கு என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ‘கபன்ன’ என்றேன். ‘வெட்டுவதற்கு’ என்று பொருள். தாடியைக் குறிக்கும் சொல் அந்தப் பதற்றத்தில் நாவுக்கு வரவில்லை. நெடுநேர விசாரணைக்குப் பின் என்னை விட்டார்கள், கத்தியை விடவில்லை. பேனாவைக் கூடக் கழற்றிப் பார்த்த காலம் அது.

அன்று மாலை வவுனியாக் கடையொன்றில் சேஃப்டி ரேசர் வாங்கினேன். இரண்டு தகடுகள், இடையே வளைந்து இறுகும் பிளேட், ஒரு பிடி, அவ்வளவே. கிங் ஜில்லெட் 1903 இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த முதலாண்டில் விற்றவை 51 ரேசர்கள் மட்டுமே. முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் இலட்சக்கணக்கில் வாங்கித் தன் படையினருக்கு வழங்கிய பின்னரே இது உலகெங்கும் பரவியது. சிப்பாய்களால் பரவிய பொருள், ஒரு சிப்பாயால் என்னிடமும் வந்தது.

கூர்க்கத்தியால் ஆண்டுக்கணக்கில் வழித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணினேன். மூன்று இடங்களில் வெட்டு. சாய்வை ரேசரின் தலையே தீர்மானிக்கிறது. அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும். எனது கையோ பழைய கத்தியின் சாய்வைத் தேடி அழுத்தியது. சீனக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு அலுவலகம் போனேன். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. சவரம் நான்கு நிமிடமாகச் சுருங்கியது. வழிக்கும்போதே அன்றைய செய்திக்குத் தலைப்பு யோசிக்கவும் முடிந்தது. வசதி என்பதை மறுக்கமாட்டேன்.

அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், அலுவலக மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

2004 இல் பாரிசவாதம் அவருடைய வலப்பக்கத்தை முடக்கியது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், தலையணையில் சாய்த்து நானே அவருக்கு முகம் வழித்தேன். கண்களை மூடியிருந்தார். கூர்க்கத்தி மயிரை அறுக்கும்போது கரகரவென்று ஓர் ஓசை எழும். பழகிய காது அதை மறக்காது. இரண்டு இழுப்புக்குள் குழறிய குரலில் கேட்டார்: “இது என்ட கத்தியில்லையே?”

ஏழு வருடப் பொய்யை அந்தக் கட்டிலருகே இருந்து சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, இயங்கிய இடக்கையை மெல்ல உயர்த்தி, கன்னத்துத் தோலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார்.