டயர் வெட்டினா புதுசாகிடாதுங்க

டாக்டர் எதுக்கு டயர் பத்தி த்ரெட் போடுறார்னு நினைப்பீங்க. மழை ஆரம்பிச்ச முதல் ரெண்டு நாள் எங்க கேஷுவாலிட்டியில வந்து உக்காந்து பாருங்க, புரியும்.

போன ஐப்பசியில ஒரு ராத்திரி, வத்தலக்குண்டு ரோட்டுல விழுந்த தம்பி ஒருத்தரை 108-ல கொண்டு வந்தாங்க. வலது முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு, ஒண்ணு தோலைக் கிழிச்சு வெளிய தெரிஞ்சது. காயத்தைக் கழுவிட்டு இருக்கும்போது திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னார்: "ஸ்பீடா வரலை சார். போன வாரம்தான் டயர் வெட்டினேன்."

வெட்டினேன்னா? கூட வந்த அண்ணன் போன்ல வண்டி போட்டோ காட்டினார். பின் டயர்ல பட்டன் எல்லாம் பளிச்சுனு இருக்கு. மொட்டை டயர்ல சூடான பிளேடை வச்சு பழைய கோட்டு மேலயே புதுசா கோடு இழுத்திருக்காங்க. புது டயர் விலையில கொஞ்சம் காசுதான் ஆகுமாம்.

காய்ஞ்ச ரோட்டுல மொட்டை டயரும் பிடிக்கும். பட்டனோட முக்கியமான வேலை தண்ணியை வெளிய தள்ளுறது. அந்த வழி இல்லைன்னா வேகத்துல டயர் தண்ணி மேல ஏறி மிதக்கும். முதல் மழைன்னா ரோட்டுல இருக்கிற தூசியும் எண்ணெயும் வேற சேர்ந்துக்கும். அப்போ வழி வெட்டி விட்டா சரிதானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு.

வெட்டுறதே தப்புன்னும் இல்ல. டயர்ல இருக்கிற மெல்லிய கீறலுக்கு இங்கிலீஷ்ல 'சைப்'னு பேரு. ஜான் சைப்ங்கிற அமெரிக்கக்காரர் 1920-கள்ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினார். கசாப்புக் கூடத்து ஈரத் தரையில வழுக்காம இருக்க செருப்பு அடியைக் கீறிப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்லுவாங்க. பனி நாட்டு டயர்ல கம்பெனியே கீறித்தான் கொடுக்குது. லாரி டயர் சிலதுல பக்கவாட்டுல 'ரீக்ரூவபிள்'னு எழுதியிருக்கும். அதுல வெட்டுறதுக்குன்னே அடியில கூடுதல் ரப்பர் வச்சிருப்பாங்க.

பைக் டயர்ல அது கிடையாது. தேஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிற ரப்பர், உள்ள இருக்கிற நைலான் நூலுக்குப் போர்வை. வெட்டுறது அந்தப் போர்வையை. பள்ளம் ஆழமாகுது, டயர் மெலிஞ்சு போகுது. அப்புறம் ஒரு கல்லோ குழியோ போதும்.

எனக்கு இதுல பெரிய பயம் வேற. பக்கவாட்டுல 'டி.டபிள்யூ.ஐ'னோ சின்ன முக்கோணமோ போட்டிருக்கும். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள ஒரு மேடு இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமாயிட்டா மாத்தணும்னு அர்த்தம். சட்டப்படி டூவீலருக்கு குறைஞ்சது 0.8 மில்லிமீட்டர் ஆழம் வேணும். பிளேடு போட்டா அந்த மேடும் சேர்ந்து போயிடும். மாத்திரை போட்டுட்டு வந்து 'காய்ச்சல் இல்லை சார்'னு சொல்ற மாதிரிதான்.

அவர் டயராலதான் விழுந்தார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா டயர் புதுசுங்கிற தைரியத்துலதான் மழையில வண்டியை எடுத்திருக்கார். நீங்க பழைய வண்டியோ செகண்ட்ஸ் டயரோ வாங்கினா அந்த மேட்டைத் தேடிப் பாருங்க. கோடு கோணலா, ஓரம் கூரா, மேடே இல்லாம இருந்தா வெட்டின டயர்.

மூணு மாசம் கழிச்சு வாக்கரோட ஓபிக்கு வந்தார். "வண்டியை வித்தாச்சு சார்"னார் அண்ணன். வாங்கினவர்கிட்ட டயரைப் பத்திச் சொன்னீங்களான்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.