வெஞ்சனமா வந்த சோளம்

சமையல் பதிவுன்னு நினைச்சு உள்ள வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். நான் பொட்டி தட்டுற ஆளு. வெந்நீர் வைப்பேன், முட்டை அவிப்பேன். அதுக்கு மேல தெரிஞ்சது இந்த ஒரே ஒரு ஐட்டம்தான். அதையும் ஒரே ஒரு ஆளுக்காகச் செஞ்சேன்.

எங்க ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர்ல இருந்து காரியாபட்டி போற ரோட்டுல வரும். கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பொறந்த ஊருன்னா சில பேருக்குப் பிடிபடும். கரிசல் காடு, வானம் பாத்த பூமி. எங்க பக்கம் சோத்துக்குத் தொட்டுக்கிற எல்லாத்துக்கும் பேரு வெஞ்சனம். சோறு சோறுதான், வெஞ்சனம் வெஞ்சனந்தான், ரெண்டும் இடம் மாறாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். 2023 நவம்பர் வரைக்கும்.

அப்ப ஆன்சைட்ல கான்சாஸ்ல இருந்தேன். அமெரிக்காவுலயே சோளம் அதிகமா விளையுற மாநிலம் அது. (மக்காச்சோளம் இல்லீங்க, நம்ம சோளம்!) பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனால் ஆலைக்கும் போயிடுது. எங்க ஊர்ல சோளம் ஆள மறைக்கிற உயரத்துக்கு நிக்கும். அங்க மெஷின் அறுக்கத் தோதா இடுப்பளவுதான்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு டீம்ல ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டு வரணும்னாங்க. கூட வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க ஸ்லோ குக்கரத் தூக்கிட்டு வந்தாங்க. மூடியத் தொறந்தா முழுச் சோளம்! நாலு மணி நேரம் வெந்து மினுமினுன்னு இருக்கு. நடுநடுவுல செக்கச்செவேல்னு கிரான்பெரிப் பழம். வான்கோழிக்கு சைடு டிஷ்ஷாம். அதாவது, சோளம் வெஞ்சனம்! சிரிப்பு வந்துச்சு. ஒரு வாய் வச்சதும் சிரிப்பு நின்னு போச்சு. மெல்ல மெல்ல இனிப்பு, இடையில ஒரு புளிப்பு. அப்பத்தா ஞாபகம் வந்துச்சு.

அப்பத்தாவுக்கு சுகர். டாக்டர் அரிசியக் குறைக்கச் சொல்லி ரெண்டு வருசமாச்சு. வீட்ல சோளம், குதிரைவாலின்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிடும். "2023ஐ ஐ.நா.வே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சிருக்கு அப்பத்தா"ன்னு போன்ல சொன்னேன். "நாங்க தின்னப்ப ஒரு பயலும் வருசம் கொண்டாட வரலையே"ன்னு வச்சிடுச்சு.

திரும்பி வந்து முதல் பொங்கல். மாட்டுப் பொங்கலன்னிக்கு நானே களத்துல இறங்கினேன். விருதுநகர் பஜார்ல வாங்கின வெள்ளைச் சோளம் ஒரு டம்ளர், ராத்திரியே ஊறப் போட்டாச்சு. கிரான்பெரிக்கு எங்க போறது? ஓடைக்கரையில இலந்தை பழுத்துக் கிடந்துச்சு. பொடிசுகளக் கூட்டிட்டுப் போய்ப் பொறுக்கி, கொட்டை எடுத்து, சதைய மட்டும் ஒரு கையளவு சேர்த்தேன். கொட்டை எடுக்கத்தான் பாதி நாள் போச்சு.

கொல்லையில மூணு கல்லு வச்சு மண்சட்டி ஏத்தி, நாலு டம்ளர் தண்ணி ஊத்தினேன். கொதி வந்ததும் வேலிக்கருவை விறக வெளிய இழுத்துட்டு வெறும் தணல்ல விட்டாச்சு. சோளத்துக்கு மேல்தோல் கெட்டி. அவசரப்பட்டா மேல வெந்து உள்ள நறுக்குன்னு நிக்கும். ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும். பொட்டி தட்டுறவனுக்கு அதுதான் கஷ்டம். கடைசி அரைமணியில உப்பும் இலந்தையும். இறக்கி வச்சு சின்ன வெங்காயம், வரமிளகா, கறிவேப்பிலை நல்லெண்ணெயில தாளிச்சுக் கொட்டினேன். வெல்லம் கிடையாது, சுகர் ஆளுக்குத்தானே செய்றேன். முழுச் சோளம் மெதுவாச் செரிக்கும்கிறது உண்மை. ஆனா அதுவும் மாவுச்சத்துதான். அளவு தாண்டினா சுகர் ஏறத்தான் செய்யும்.

அப்பத்தா தூரத்துல இருந்தே, "இடிச்சுப் புடைக்காமலாடா சோளத்த அவிக்கிற? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கா?"ன்னுச்சு. கிண்ணத்துல கொண்டு போய் நீட்டினேன். வாங்கல. மோந்து பாத்துச்சு. மூஞ்சி மாறிடுச்சு.

"இலந்தையப் போடச் சொல்லி யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்புறம் சொல்லுச்சு. அப்பத்தா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது 1967. ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு எலெக்சன்ல ஊரெல்லாம் பேச்சா இருந்த வருசம். பேச்சுலதான் அரிசி. வீட்ல சோளச்சோறு. அதுக்கு வெஞ்சனம் வைக்கவும் வழியில்லாத நாள்ல, ஓடையில பொறுக்கின இலந்தைப்பழத்த உப்பு, மிளகா வச்சு நசுக்கித் தொட்டுக்குவாங்களாம். ஒருநாள் திடீர்னு அவங்க அண்ணன் தங்கச்சியப் பாக்க வந்துட்டார். பக்கத்து வீட்ல ஒரு உழக்கு அரிசி கடன் வாங்கி அவருக்குச் சோறாக்கிப் போட்டுட்டு, இது கொல்லைப் பக்கம் போய் உக்காந்து சாப்பிட்டிருக்கு. கை கழுவ வந்தவர் கும்பாவப் பாத்துட்டார்.

"ஒண்ணும் கேக்கல. தலையக் குனிஞ்சிட்டுப் போயிருச்சு. மறுவாரம் ஒரு மூடை நெல்லு வண்டியில வந்து இறங்குச்சு. நெல்லப் பாத்து எனக்குச் சந்தோசமா வரும்? மானம் போச்சேன்னு அழுதேன்."

எனக்குப் பேச்சு வரல. நாம கண்டுபிடிச்சதா நினைச்சு நீட்டினது, அது எந்த நாள மறக்கப் பாத்துச்சோ அந்த நாளத்தான். அரிசியக் குறைன்னு நாங்க சொன்னப்பல்லாம் அதுக்கு என்ன கேட்டிருக்கும்னு அப்பத்தான் புரிஞ்சுது. கிண்ணத்தத் திருப்பி எடுத்துட்டுப் போகத் திரும்பினேன்.

"இருடா. ரெண்டு மணி நேரம் புகையில உக்காந்திருக்க."

அடுப்படிக்குப் போய்த் தட்டுல ஒரு கரண்டி நெல்லுச்சோறு போட்டுட்டு வந்துச்சு. நட்ட நடுவுல சோறு. "இப்ப அந்த ஓரத்துல வையி. வெஞ்சனமாத் தின்னுக்கிறேன்."

வச்சேன். ஒவ்வொரு சோளமா மென்னு தின்னுச்சு. அந்த ஒரு கரண்டிச் சோத்துக்கு மேல அன்னிக்கு அரிசி வாங்கல. நாங்களும் ஒண்ணும் சொல்லல. "உப்பு பத்தல"ன்னு மட்டும் சொல்லுச்சு.

இப்ப வாரத்துல ரெண்டு நாள் எங்க வீட்ல சோளம் வேகுது. தட்டு நடுவுல ஒரு கரண்டி நெல்லுச்சோறு எப்பவும் இருக்கும். அதுல யாரும் கை வைக்கிறதில்ல.

டிஸ்கி: இலந்தையில ஒரு கொட்டை தப்பிடுச்சு. நல்லவேளை, அது என் பல்லுல மாட்டுச்சு :) செஞ்சு பாக்குறவங்க ஜாக்கிரதை.