இறம்பொடைக்கு வந்த கடலோடிகள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் எப்போதாவது வந்திருக்கிறீர்களா, சகோதரிகளே? புஸ்ஸல்லாவையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறும். இறம்பொடைக்கு வந்தால் வாகனத்தை நிறுத்தாமல் போக யாருக்கும் மனம் வராது. ஒரு பக்கம் 109 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. மறுபக்கம் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவில், 1985ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம். பல கிராமங்களும் வயல்களும் அந்த நீருக்கடியில் போயின. கடும் வறட்சி வந்தால் மூழ்கிப்போன பழைய கடதொர விகாரை வெளியே தலைகாட்டும்.

இவ்வளவு தண்ணீர் கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. நுவரெலியா கிரகரி வாவியில் காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகோடு எங்கள் அறிவு முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலோடும் படகைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். காரணம் என் நானாதான்.

நானா காலியில் வேன் ஓட்டுகிறார். ஆண்டுத் தொடக்கத்தில் தாய்லாந்து, மலேசியா பக்கமிருந்து வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் காலித் துறைமுகத்துக்கு வரும். 'யொட்' என்று சொல்வார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகவே அதில் வாழ்கிறார்கள். படகைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு மலைநாடு பார்க்கப் புறப்படுவார்கள். அப்படி வந்த ஓர் ஐரோப்பியத் தம்பதியையும் அவர்களுடைய ஒன்பது வயது மகளையும் நானா நேரே எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

"தங்கச்சி, நல்ல பிளேன்டீ ஒண்டு போடு. மூணு நாளா இவங்கட படகுச் சண்டையைக் கேட்டு எனக்குத் தலை சுத்துது" என்றார்.

ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்பதால் அந்தச் சண்டையைக் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அவர்களுடையது தொழிற்சாலையில் செய்த படகு. பெரியதோர் அச்சுக்குள் கண்ணாடி நார்த் துணியைப் படுக்கை படுக்கையாக விரித்துப் பிசின் ஊற்றி இறுக விடுவார்களாம். இறுகியதும் தூக்கி எடுத்துவிட்டு அதே அச்சில் அடுத்தது. ஜெலி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கடற்கரைகூடத் தேவையில்லை. 1978இல் தொடங்கிய 'பவேரியா' என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தொழிற்சாலை கீபெல்ஷ்டாட் என்ற உள்நாட்டு ஊரில் இருக்கிறது. அங்கிருந்து கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு. எங்கள் இறம்பொடையே கடலுக்குப் பக்கம் என்று சொல்லலாம்!

இந்தத் தொழிலை உலகளவில் வளர்த்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? பிரான்சில் 1884ஆம் ஆண்டு பெஞ்சமின் பெனெட்டோ என்பவர் மீன்பிடிப் படகு கட்டும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1964இல் அது அவருடைய பேத்தி அனெட்டின் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 22. மரத்தில் கட்டும் மீன்பிடிப் படகுகளுக்குக் கேட்பார் குறைந்திருந்த காலம். அனெட் கண்ணாடி நாருக்கும் உல்லாசப் படகுக்கும் மாறினார். இன்று உலகில் மிக அதிகமாகப் படகு கட்டும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

அச்சில் வார்த்ததால் விலை இறங்கியது. கோடீஸ்வரர்களுக்கே உரியதாக இருந்த ஒன்றை, வீட்டை விற்று வரும் ஓர் ஆசிரியரும் வாங்கலாம் என்றாகியது. உள்ளே இடமும் தாராளம். இரண்டு மூன்று படுக்கையறை, குளியலறை, குளிர்சாதனப் பெட்டி. ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான படகுகள் ஓடுவதால் உதிரிப்பாகம் தேடுவதும் எளிது. அடுப்பை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படகு சாய்ந்தாலும் சட்டி சாய்வதில்லையாம்.

"ஆனால் நான் சாய்கிறேனே!" என்றார் அந்தப் பெண்மணி.

பழைய படகுகளில் சமையலிடம் ஒடுங்கியது. மூன்று பக்கமும் மறைப்பு இருக்கும். இடுப்பை முட்டுக்கொடுத்து நின்று சமைக்கலாம். புதியவற்றில் பலவற்றில் அது ஒரு சுவரோரமாக நீண்டு கிடக்கிறது. துறைமுகத்தில் பார்க்க அழகு. நடுக்கடலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. விடுமுறைக்கு ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பவர்களை மனதில் வைத்துக் கட்டினால் அப்படித்தான் இருக்கும்.

சண்டை அதைப் பற்றியதல்ல. படகின் அடியில் இரண்டு மூன்று தொன் எடையுள்ள இரும்புப் பாரம் ஒன்று உண்டு. ஏரா என்பது அதற்கு நம் பழைய சொல். படகு கவிழாமல் நிமிர்வது அதனால்தான். பழைய படகுகள் பலவற்றில் அது உடலோடு உடலாக நீளமாக ஓடும். புதியவற்றில் பெரும்பாலும் தனித் துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். வேகம் கூடும், செலவு குறையும். ஆனால் ஒருமுறை பாறையில் மோதினால் அந்தப் பொருத்தைச் சுற்றி உள்ளே விரிசல் விட்டாலும் மேலிருந்து பார்க்கத் தெரியாது. 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்ற பெனெட்டோ படகு அட்லாண்டிக் நடுவில் ஏராவை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பிரித்தானியரும் கிடைக்கவேயில்லை. அந்தப் படகு அதற்கு முன்னரே தரை தட்டிப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. அதனால் உட்பகுதி பலவீனப்பட்டிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

இவர்களுடைய படகும் இந்தோனேசியாவில் பவளப் பாறையில் தட்டியிருக்கிறது. "வெறும் கீறல், ஐரோப்பியச் சான்றிதழில் பெருங்கடலுக்கு ஏற்ற 'ஏ' வகுப்புப் படகு இது" என்றார் கணவர். முன்பானால் செங்கடல் வழியே ஊர் திரும்பியிருப்பார்கள். 2023இன் இறுதியில் அங்கே கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு பலரைப் போல இவர்களும் தென்னாபிரிக்காவைச் சுற்றிப் போக முடிவுசெய்திருந்தார்கள். அந்தப் பெருங்கடலில் மகளை வைத்துக்கொண்டு, பார்க்காத ஒரு விரிசலை நம்பிப் போக மாட்டேன் என்பது மனைவியின் பிடிவாதம்.

நான் வல்வெட்டித்துறை 'அன்னபூரணி'யைப் பற்றிச் சொன்னேன். 1930ஆம் ஆண்டு நம் தமிழ்த் தச்சர்கள் கையால் கட்டிய, ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள பாய்க்கப்பல். வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி வேறு பெயர் சூட்ட, நம் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கணவர் சிரித்தார். மரக்கப்பலைப் பராமரிக்கத் தனக்கு இன்னும் ஒரு ஆயுள் வேண்டும் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். 2012 ஜனவரியில், 16 வயதில், தனியாக உலகைச் சுற்றி முடித்த ஒல்லாந்துப் பெண் லாரா டெக்கர் ஓட்டியதும் 'ஜெனோ' தொழிற்சாலையில் வார்த்த பழைய படகொன்றைத்தான். ஆனால் புறப்படும் முன் தந்தையும் மகளுமாக அதைப் பிரித்துப்போட்டுப் பழுதுபார்த்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் உம்மா ரெடிமேட் உடுப்பை வேண்டாம் என்று சொன்னதில்லை. கடையிலேயே அதைப் புரட்டி, உள்தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடமாட்டார். இதைச் சொன்னதும் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவுக்கு மட்டும் அவசரம். மாலை மூட்டம் இறங்குமுன் நுவரெலியாவுக்குப் போய்விட வேண்டும் அவருக்கு.

சில மாதங்கள் கழித்து நானாவின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய படகு. அதன் தரைப்பலகையைக் கழற்றிவிட்டு, டோர்ச்சைப் பிடித்தபடி குனிந்திருக்கிறார் அந்தக் கணவர். இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை போல் விரிசல் இருந்ததாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் துணி விரித்துப் பிசின் பூசிக்கொண்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவுக்கு அதன் பிறகுதான் புறப்படுவார்களாம்.