மேலவை என்னும் சொல்

சென்னை மாகாண அரசியல் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் சிலர் 'மேலவை' என்ற சொல்லைத் தாராளமாகவே கையாளுகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் மேலவையின் துணைத்தலைவரானார் என்று எழுதப்படுவதைக் காண்கிறோம். சிறு சொல்தான், ஆனால் அது வரலாற்றைக் குறுக்கிவிடுகிறது.

மேல் என்று ஒன்றைச் சொன்னால் கீழ் என்று ஒன்று இருந்தாக வேண்டும். 1937க்கு முன் சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே அவை. ஆங்கிலத்தில் அது லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில், தமிழில் சட்டசபை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1937இல் அசெம்பிளி உருவானபோது, கவுன்சில் என்ற பெயர் இரண்டாம் அவைக்குரியதாயிற்று. பெயர் அப்படியே இருக்கப் பொருள் மாறிவிட்டது. எனவே, பழைய ஆவணங்களில் கவுன்சில் என்று வருமிடமெல்லாம் மேலவை என்று பெயர்ப்பது பொருந்தாது.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். தென்சென்னையின் இடப்பெயர்களே விடை சொல்லும். தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயரின் நீதிக்கட்சி, 1920 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது அந்த ஒற்றை அவையில்தான். பனகல் பூங்கா யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதல்வராக வீற்றிருந்ததும் அங்கேதான். அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் நமக்கு விட்டுச்சென்ற முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வாதாடிய இடமும் அதுவே. மேலவை என்று எழுதிய மாத்திரத்தில், மாகாணத்தின் ஒரே சட்டமன்றத்தில் ஒலித்த குரல், வேறோர் அவை முடித்ததை மறுபடி பார்க்கும் மன்றத்தின் குரலாகச் சுருங்கிப்போகிறது.

மேலவை என்ற சொல்லுக்கு உரிய காலமும் உண்டு. தியாகராய நகரின் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி 1952இல் நியமன உறுப்பினராக நுழைந்து முதல்வரானதும், 1967இல் அண்ணா முதல்வரான பின் உறுப்பினரானதும் மேலவை வழியாகத்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986 நவம்பர் 1 அன்று அது கலைந்தது. மீட்டெடுக்க 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், அவை மீண்டும் கூடவில்லை.

இன்று நமக்கு இருப்பது பேரவை ஒன்றே. ஆகவே எழுதுமுன் ஆண்டைப் பார்ப்போம்: 1937க்கு முன்னென்றால் சட்டசபை, பின்னென்றால் மேலவையா, பேரவையா என்று பிரித்துச் சொல்வோம். முன்னோர் நின்று பேசிய இடத்தைச் சரியாகச் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதானே.