கட்டுநாயக்க என்னும் வாசல்

எங்கள் நாட்டின் பெரிய விமான நிலையத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம். 1970இல் வைத்த அந்தப் பெயரை 1977இல் மாற்றினார்கள். 1995இல் திரும்பவும் வைத்தார்கள். எங்கள் பன்வில மக்களுக்கு இந்த மாற்றங்களால் எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை. அவர்களுக்கு அது எப்போதும் கட்டுநாயக்கதான். "மகன் எங்கே?" என்று கேட்டால், "நேத்து ராவு கட்டுநாயக்கவுக்குப் போய்ட்டாரு" என்று பதில் வரும். அவர் இந்நேரம் ரியாதிலோ தோஹாவிலோ இறங்கியிருப்பார் என்பது அதன் பொருள்.

சுற்றுலா விளம்பரங்களில் கட்டுநாயக்க இலங்கையின் நுழைவாயில். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது வெளியே போகிற வாசல்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944இல், பிரித்தானிய விமானப்படை நீர்கொழும்புக்குப் பக்கத்தில் அமைத்த விமானத் தளமே பின்னர் இந்த விமான நிலையமாக வளர்ந்தது. அதற்கு முன் இரத்மலானைதான் நாட்டின் விமான நிலையம். எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பரில் அங்கிருந்துதான் யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. எயார் சிலோன் நின்றுபோன பிறகு 1979இல் எயார் லங்கா வந்தது. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் அதில் பங்கு வாங்கி, 2008 வரை நிர்வகித்தது. அந்தக் காலத்தில்தான் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற இன்றைய பெயர் வந்தது. 2001 ஜூலை 24ஆம் திகதி நடந்த தாக்குதலில் ஓடுபாதையோரம் நின்ற விமானங்கள் எரிந்த கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் அப்போது பிறக்கவில்லை.

புறப்படும் விமானங்களின் பெயர்ப்பலகையை நான் முதன்முதலில் பார்த்தது ஒன்பது வயதில். டுபாய், அபூதாபி, ஷார்ஜா, தோஹா, குவைத், ரியாத், தம்மாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் ஓடின. எமிரேட்ஸ், எதிஹாட், பிளைதுபாய், எயார் அரேபியா, கட்டார் எயார்வேய்ஸ், குவைத் எயார்வேய்ஸ், சவூதியா என்று விமான நிறுவனங்களும் பலவாக இருந்தன. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் விமானங்கள் இருந்தன. ஆனால் என் கண்ணில் பட்டவை எங்கள் ஒழுங்கையில் ஏற்கனவே கேட்டுப் பழகிய பெயர்கள்தான். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். ஐந்து வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அல்லது இருந்துவிட்டு வந்தவர். பக்கத்து வீட்டுச் சாச்சி உப்பு, மிளகாய் வாங்கப் போவது ஒரு விமான நிறுவனத்தின் பெயர் போட்ட பையோடுதான். அந்தப் பலகையைப் பார்த்தபோது, எங்கள் ஒழுங்கையின் வீடுகளையே யாரோ வரிசையாக எழுதி வைத்திருப்பது போல இருந்தது.

அன்று நாங்கள் போனது உம்மாவை வழியனுப்ப. அது 2017 பெப்ரவரி. உம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். வாப்பாவின் முதுகு வருத்தத்துக்குப் பிறகு கடைக்கடனும் வைத்தியச் செலவும் வீட்டை அழுத்திக்கொண்டிருந்தன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்ற விதி 2013இல் வந்திருந்தது. ஆகவே தம்பிக்கு ஐந்து வயது நிறையும்வரை உம்மா காத்திருந்தார். தம்பியின் பிறந்த நாளை எங்கள் வீட்டில் அந்த வருடம்தான் எல்லோரும் இவ்வளவு கவனமாக எண்ணினோம். அவன் அதைத் தன்மீதுள்ள பிரியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

போவதற்கு முந்திய நாள் உம்மா ஒழுங்கையிலுள்ள ஏழு வீட்டுக்கும் போனார். "ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிக்கொள்ளுங்க, துஆ செய்யுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் விடைபெறுவார்கள். வேலைக்குப் போகிறவர்களும் அதையே ஏன் செய்கிறார்கள் என்று உம்மும்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் திரும்பி வருவோமோ என்டு தெரியாத பயணம்தானே மகள்" என்றார்.

அப்போது ஓடுபாதையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் பகலில் எட்டு மணி நேரம் விமான நிலையம் மூடப்பட்டிருந்தது. எல்லா விமானங்களும் மாலையிலும் இரவிலும் காலையிலுமாக நெருக்கிக்கொண்டு போயின. எங்கள் வேன் வத்தேகம, கண்டி, கடுகண்ணாவை, கேகாலை, நிட்டம்புவ என்று இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது வெளியே கால் வைக்க இடமில்லை. அழுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் ஒரே இடத்தில் நின்றார்கள். உள்ளே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கரும பீடம் ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் அங்கே தங்கள் பதிவைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உல்லாசப் பயணி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கத் தேவையில்லை. உம்மா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனதோடு எங்களுக்கு அவரைத் தெரியவில்லை.

உம்மும்மா சொன்ன வார்த்தைக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் போன விமானமொன்று, கொழும்பில் இறங்குவதற்கு முன் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் மவுத்தானார்கள். பயணிகள் அனைவரும் ஹஜ்ஜுக்குப் போனவர்கள். நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஹஜ்ஜை முடித்து ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு விமானம் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். முதலாவது விமானத்தில் இருந்தவர்கள் கஃபாவைக் காணவில்லை; இரண்டாவதில் இருந்தவர்கள் கண்டார்கள், ஆனால் வீட்டைக் காணவில்லை. எங்கள் மலைநாட்டு முஸ்லிம்கள் முன்பின் அறியாத அந்த ஹாஜிகளுக்காகத் துஆச் செய்ததை உம்மும்மா அடிக்கடி நினைவுகூர்வார்.

உம்மா ஒப்பந்தத்தை ஒரு தடவை நீட்டினார். கடன் முடிந்து, கூரை மாற்றப்பட்டது. 2020 நோன்புக்கு முன் வந்துவிடுவேன் என்று ஏப்ரல் மாதத்துக்கு டிக்கட்டும் எடுத்திருந்தார். கொரோனா காரணமாக மார்ச் 19ஆம் திகதி முதல் கட்டுநாயக்கவில் பயணிகளோடு விமானங்கள் இறங்குவது நிறுத்தப்பட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. உலகமே கதவைப் பூட்டியிருந்தது. ஆனால் அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அதுவரை உம்மா தூரத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம் என்ற எண்ணமே எங்களுக்குப் பாலமாக இருந்தது. விமானம் நின்றதும் குவைத், வரைபடத்தில் இருக்கிற அளவுக்குத் தூரமாகிவிட்டது.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமையில் உம்மும்மா மாரடைப்பால் மவுத்தானார். ஜனாஸாவை மையவாடிக்கு எடுக்கும்வரை நானா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் உம்மா தன் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. அவர் வேலை செய்த வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. செப்டெம்பரில் விசேட விமானமொன்றில் உம்மாவுக்கு இடம் கிடைத்தது. வரவேற்க யாரும் போக முடியவில்லை. அங்கிருந்தே பஸ்ஸில் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்த அன்று உம்மா பெட்டியைத் திறக்கவில்லை. நேராக உம்மும்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பெட்டிக்குள் அவருக்கென்று வாங்கிய தொழுகை ஆடை மடித்தபடியே இருந்தது.

2022இல் நாடு நொடிந்தபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அவர்களில் ஒருவர் என் நானா. கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. போன வருடம் அவர் விடுமுறையில் வந்தபோது வருகைப் பகுதி வாசலில் நின்றோம். தீர்வையற்ற கடைகளில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் சலவை இயந்திரங்களையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நம்மவர்கள் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளில் சிலர் தகப்பனை அடையாளம் தெரியாமல் பெட்டியைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் விமானத்தின் மேலுள்ள கோபத்தில் எழுதவில்லை. அந்த விமானங்கள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, எனக்கு உயர்தர வகுப்பும் இல்லை. ஒரு விமான நிலையம் பெரியது என்பதை எத்தனை நிறுவனங்கள் வருகின்றன, ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று அளக்கிறார்கள். விரும்பிப் போகிறவர் எத்தனை பேர், வேறு வழியில்லாமல் போகிறவர் எத்தனை பேர் என்றும் ஒரு கணக்கு இருந்தால், எங்கள் ஊரின் கதை அதில்தான் தெரியும்.

உம்மாவின் கடவுச்சீட்டு 2026இல் காலாவதியாகிறது. நான் பல்கலைக்கழகம் போனால் செலவுக்கு இன்னொரு தடவை போகலாமா என்று அவர் வாப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நானா வேண்டாம் என்கிறார். வாப்பா எதுவும் சொல்லவில்லை. நான் உம்மாவிடம், "கடவுச்சீட்டைப் புதுப்பியுங்கள். ஆனால் வேலைக்கு இல்லை" என்றேன். மூன்றரை வருடம் குவைத்தில் இருந்தும் உம்மா மக்காவைக் காணவில்லை. நான் உழைக்கத் தொடங்கியதும் அவரை உம்ராவுக்குக் கூட்டிப் போக வேண்டும். அன்றைக்கும் உம்மா ஏழு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்பார். பணியகத்தின் கரும பீடத்தைத் தாண்டி நேராக நடப்பார். பக்கத்தில் நானும் இருப்பேன். இன்ஷா அல்லாஹ்.