பேரைத் தேடுற நேரம்

மூணு வாரமா வீட்டு நெட் ஒரே இழுவை. ஸ்பீடு டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் சரியா காட்டுது. ஆனா எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் நாலஞ்சு நொடி வெறும் வெள்ளைத் திரை. அப்புறம் மளமளன்னு வந்துடும். அந்தத் தயக்கத்துலதான் விஷயம் இருந்தது.

தளத்தோட பேரைக் கொடுத்தா ஐபி எண்ணைத் தேடித் தர்றது டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைச்சது. எங்க இணைப்போட டிஎன்எஸ் சர்வர்தான் பதில் சொல்லத் திணறியிருக்கு. நேத்து ராத்திரி ரவுட்டர் செட்டிங்ஸ்ல அதுக்குப் பதிலா வேற டிஎன்எஸ் சர்வர்களோட எண்ணை, 1.1.1.1, அதுக்குக் கீழ 8.8.8.8 போட்டு, ரவுட்டரை ஒருமுறை அணைச்சுப் போட்டேன்.

டவுன்லோட் வேகம் இதனால கூடாது, அதையும் சொல்லிடறேன். ஆனா காலையில அம்மா பேப்பர் படிக்க போனைத் தட்டினாங்க, உடனே தலைப்புச் செய்தி வந்துடுச்சு. "என்னடா பண்ணினே?"ன்னு கேட்டாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தது.